ராணுவ டிரெய்லருக்கு ஒரு ஜோடி டயர்

பாளையங்கோட்டை
12 மார்ச் 2025

மெர்வின் அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கக் கை வரவில்லை. பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். என் போனில் உன் நம்பரைத் தடை செய்து வைத்திருக்கிறேன், கூப்பிட்டுப் பார்த்து ஏமாறாதே. நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் ஒருவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் இன்னொருவர் கத்துகிறோம். காகிதத்தில் அது நடக்காது. நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நாங்குநேரிக்கு அந்தப் பக்கம் நம் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கம் நடத்துகிற முதியோர் இல்லம் உனக்குத் தெரியும். பொங்கலுக்குப் பிறகு அங்கே போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டது. சாலையை அகலப்படுத்தத் தோண்டியதில் குடிநீர்க் குழாயும் போய்விட்டது. புதுக் குழாய் எப்போது வரும் என்று கேட்டால் ஆளுக்கொரு மாதம் சொல்கிறார்கள். அங்கே சமையல் பார்க்கிற ஹமீது பீவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், இந்த உப்புத் தண்ணியில பருப்பு வேகவே மாட்டேங்கு. பல்லில்லாத மனுஷிகளுக்கு நான் என்னத்த ஆக்கிப் போட?" என்று கேட்டாள்.

அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், முற்றத்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உன் தண்ணீர் டிரெய்லர் நிற்கிறது. ராணுவம் ஏலம் விட்டதை வாங்கி என் வீட்டில் நிறுத்திவிட்டுப் புனேக்குப் போனவன் நீ. டிசம்பர் லீவுக்கு வரும்போதெல்லாம் கிறிஸ்துமஸ் பலகாரம் சுடக்கூட ஒத்தாசை செய்யாமல் அதற்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாய். ஒரு டன் தண்ணீர் சுமப்பதற்காகச் செய்த வண்டி. அது ஒரு சொட்டும் சுமக்காமல், பெங்களூரில் நடக்கப்போகிற பழைய ராணுவ வண்டிக் கண்காட்சிக்காகக் காத்துக் கிடந்தது. தொட்டியைக் கழுவினேன், என் ஜீப்பின் பின்னால் மாட்டினேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால்தான் கேட்கவில்லை.

சனிக்கிழமைதோறும் போய் வந்தேன். உண்மையைச் சொன்னால் என்ன, அந்த வண்டியை நான் மெச்சிப்போனேன். தண்ணீர் தளும்பித் தளும்பி ஜீப்பை ஆட்டிவிடும் என்று பயந்திருந்தேன். தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைத்திருக்கிறார்கள், ஆட்டமே இல்லை. பிரேக் போட்டால் பின்னாலிருந்து இடிக்காது. செய்தவன் எவனோ, அவன் வேலைக்காரன்.

போன சனிக்கிழமை நாங்குநேரி நெருங்கும்போது இடது டயர் பட்டை பட்டையாக உரிந்து வெடித்தது. ஜீப்பை அது இழுத்த இழுப்பில் சாலையின் நடுமேட்டில் ஏறாமல் நிறுத்தியது கர்த்தருடைய கிருபை. லாரிகள் பக்கத்தில் உரசிக்கொண்டு போக, உனக்குப் போன் செய்தேன். நீ முதலில் கேட்டது என்ன தெரியுமா? "எந்த டயர்? ஒரிஜினலா?"

டயரைக் கேட்டாய் அண்ணா. என்னைக் கேட்கவில்லை. அதற்கப்புறம் நான் கத்தினேன், நீ கத்தினாய், அதை விடு.

இப்போது அந்த வண்டிக்கு வேறு டயர் போட வேண்டும். என்ன போடலாம் என்று எழுது. எழுதாவிட்டால் நானே பார்த்துப் போட்டுக்கொள்வேன்.

கரோலின்

~

புனே
19 மார்ச் 2025

கரோ,

நீயே போன் செய்தாய், நீயே பேசினாய். உயிரோடு பேசுகிறவளிடம் உயிரோடு இருக்கிறாயா என்று கேட்க வேண்டுமா? இது சரியான வாதம் என்று நினைத்து எழுதினேன். உன் மதினி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "இத அனுப்புனா அவ ஜென்மத்துக்கும் உங்க கூடப் பேச மாட்டா" என்கிறாள். இருந்தாலும் எழுதியதை அடிக்கவில்லை. அவள் சொன்னதையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

நீ எதை உடைத்தாய் என்று உனக்குத் தெரிய வேண்டும். அந்த டயரின் பட்டனை, அதாவது தரையில் படுகிற மேல்பரப்பைக் கவனித்திருக்கிறாயா? கட்டைகட்டையாக, முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். சேற்றில் பதிந்த தடத்தைப் பார்த்து வண்டி வந்ததா போனதா என்று எதிரி கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள் என்று சொல்வார்கள். உண்மையோ கதையோ, பார்க்க எத்தனை கம்பீரம். இரண்டும் ஒரே வயது, ஒரே பட்டறையில் வார்த்தவை. அந்த ஜோடி இனிக் கிடைக்காது. கண்காட்சியில் ஒரிஜினல் டயருக்குத் தனி மதிப்பெண். நான் அதை லாரியில் ஏற்றிப் பெங்களூருக்குக் கொண்டுபோய், மைதானத்தில் ஒரு சுற்று மட்டும் இழுப்பதாக இருந்தேன். ஒரு டன் தண்ணீரை ஏற்றி நாலுவழிச் சாலையில் ஓட்டுவதற்கு அல்ல.

ஜூனில் வந்து எடுத்துக்கொள்கிறேன். அதுவரை அது நின்ற இடத்திலேயே நிற்கட்டும். இல்லத்துக்கு லாரித் தண்ணீர் ஏற்பாடு செய்ய வேறு யாரையாவது பார். புதுசாக எந்த டயரும் போட வேண்டாம்.

நான் வேண்டாம் என்றால் நீ கட்டாயம் செய்வாய் என்பது சின்ன வயதிலிருந்து தெரியும். ஆகவே இதைமட்டும் கவனமாகப் படி. அந்தச் சக்கரத்தின் ரிம் இரண்டு பாதிகளைச் சேர்த்து முடுக்கியது. சிவப்புப் பெயிண்ட் அடித்த நட்டுகள் தெரிகிறதா? அவைதான் இரண்டு பாதிகளையும் பிடித்திருக்கின்றன. உள்ளே காற்று இருக்கும்போது அந்த நட்டைத் திருகினால் ரிம் பிரிந்து எதிரில் குனிந்திருக்கிறவன் தலையைக் கொண்டுபோய்விடும். முதலில் வால்வைப் பிடுங்கிக் காற்று முழுவதையும் இறக்க வேண்டும். பஞ்சர் கடைக்காரர்கள் இந்த ரிம்மைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களிடம் சொல்லு.

மெர்வின்

~

பாளையங்கோட்டை
29 மார்ச் 2025

அண்ணனுக்கு,

மதினிக்கு என் அன்பு. உனக்கு அப்புறம் பார்க்கலாம்.

இரண்டு பக்கமும் புது டயர் போட்டாகிவிட்டது. சீவலப்பேரி ரோட்டில் சுடலைராஜ் கடை. வெடித்த டயரை உருட்டிக்கொண்டு போனேன். அவன் அதன் பக்கவாட்டில் இருந்த மண்ணைத் துடைத்து, "ஏழு ஐம்பது பதினாறு. இதுக்கா டீச்சர் இவ்வளவு யோசிக்கிய? நம்ம கடையில அடுக்கி வச்சிருக்கேன். சீவலப்பேரி, மருதூர் அங்கன எல்லாரும் இந்த அளவுதான் மாட்டுதாங்க" என்றான். அளவு ஒன்று. துளை ஒன்று. ஒரு டன்னுக்கு மேலேயே தாங்குமாம். கணக்கு டீச்சர் நான், எண் பொருந்தினால் போதாதா?

உன் சிவப்பு நட்டுக்கு நன்றி. அதைச் சொல்லாமல் இருக்க மனசாட்சி விடவில்லை. அவன் கடையில் வேலை செய்கிறவர் ஸ்பானரை நேராக அங்கேதான் வைத்தார். பிளஸ் டூ வகுப்பில் காப்பியடிக்கிறவனைப் பிடிக்கிற குரலில் ஒரு சத்தம் போட்டேன். ரோட்டில் போன பஸ் நின்றுவிட்டது. சுடலைராஜ் ஓடிவந்து பார்த்து, வால்வைக் கழற்றி, காற்று சீறி முடியும்வரை தள்ளி நின்றான். "ஏலே, டீச்சர் மட்டும் இல்லன்னா இன்னைக்கு உன்னைப் பொறுக்கித்தாம்ல எடுத்துருக்கணும்" என்று அவரைத் திட்டினான். ஆகவே உன் கடிதம் ஒரு ஆளைக் காப்பாற்றியிருக்கிறது. கெட்டிக்காரன்தான் நீ.

புது டயர் உன் ராணுவ டயர் மாதிரி கம்பீரமாக இல்லைதான். மூன்று வரப்பு சக்கரத்தைச் சுற்றி ஓடுகிறது, நடு வரப்பு கொஞ்சம் உயரம். வரைந்து அனுப்பியிருக்கிறேன். பக்கவாட்டில் எண்களுக்குப் பக்கத்தில் 'ஏ8' என்று போட்டிருக்கிறது. என்னவென்று கேட்டேன். "அது கம்பெனிக்காரன் குறி டீச்சர்" என்றான்.

நாளை சுமை ஏற்றாமல் பள்ளி மைதானத்தில் ஓட்டிப் பார்ப்பேன். அடுத்த சனிக்கிழமை பள்ளி வேலைநாள். அதனால் ஞாயிறு விடியற்காலை ஆராதனையை முடித்துவிட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டு இல்லத்துக்குக் கிளம்புவேன். ஜூனில் நீ வந்து வண்டியைக் கேட்டால், ஹமீது பீவியிடம் போய்க் கேள். அவள் என்னைப்போலச் சாதுவான ஆள் இல்லை.

கரோலின்

~

புனே
6 ஏப்ரல் 2025, ஞாயிறு

கரோ, என் கண்ணே,

உன் கடிதம் நேற்றே வந்துவிட்டது. கோபத்தில் பிரிக்காமல் அலமாரி மேல் போட்டேன். இன்று காலை காப்பி குடிக்கும்போது பிரித்து, நீ வரைந்த படத்தைப் பார்த்தேன். காப்பியை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அது டிராக்டரின் முன் சக்கர டயர். மூன்று வரப்பு வயலில் நேராகப் போவதற்கு. அளவு ஒன்றுதான், சுமையும் தாங்கும். ஆனால் ஏ8 என்றால் அது ஓடக்கூடிய உச்ச வேகம் நாற்பது கிலோமீட்டர். நெல் மூட்டையை ஏற்றிக்கொண்டு சீவலப்பேரிக்குப் போகிற டிராக்டர் அந்த வேகத்தைத் தொடுவதே இல்லை, அதனால் சுடலைராஜுக்கு அது தெரியவேண்டிய அவசியமே வந்ததில்லை. நாலுவழிச் சாலையில் நீ அறுபதில் போவாய். உள்ளே சூடேறி, அடுக்கு விட்டு, வெடிக்கும்.

உன் நம்பர் எடுக்கவில்லை. உன் மதினியின் நம்பரையும் தடை செய்திருக்கிறாய். பாளையங்கோட்டையில் என் கையிலிருந்த ஒரே வேறு எண் சபைப் பத்திரிகையில் அச்சடித்த அலுவலக எண். கூப்பிட்டேன். இரண்டாம் ஆராதனை நடந்துகொண்டிருக்கிறது என்றார்கள். நடக்கட்டும், என் தங்கை ரோட்டில் இருக்கிறாள், உள்ளே போய்ச் சொல்லுங்கள் என்று கத்தினேன். இப்போது அவர்கள் திரும்பக் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறேன். வேறு எதுவும் செய்யத் தோன்றாமல் இதை எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது நீ படிக்கிற நிலையில் இருக்க வேண்டும். எனக்கு அது போதும். அந்த வண்டி எக்கேடும் கெட்டுப்போகட்டும்.

அண்ணன்

~

பாளையங்கோட்டை
8 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

முழுசாக இருக்கிறேன். அலுவலகத்தில் உனக்குச் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் என் கையெழுத்தில் நீ பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

நான் முதல் ஆராதனையோடு கிளம்பிவிட்டேன், அதனால் எதையும் கேட்கவில்லை. பிறகு சொன்னார்கள். குருவானவர் பிரசங்க மேடையில் ஏறி வசனம் வாசிக்கத் தொடங்கும்போது சீட்டு ஒன்று போயிருக்கிறது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கல்யாண அறிவிப்பு வாசிக்கிற அதே குரலில் வாசித்தாராம்: "நமது சபையின் கரோலின் அம்மாள் தண்ணீர் வண்டியில் மாட்டியிருப்பது டிராக்டர் டயர் என்றும், நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் உயிருக்கு ஆபத்து என்றும் அண்ணன் மெர்வின் புனேயிலிருந்து தெரிவிக்கிறார். அம்மாள் சபையில் இருந்தால் கையை உயர்த்தவும்." யாரும் கை தூக்கவில்லை. வண்டி ஓட்டும்போது நான் போனை எடுக்கமாட்டேன் என்று தெரிந்த ஸ்டெபி பாடகர் குழுவிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டாள். நம் தெருக் கோடி வீட்டுப் பெண், நர்சிங் படிக்கிறாள், ஞாபகம் இருக்கும்.

மூன்றடைப்பு ஊரைத் தாண்டியிருந்தேன். தொட்டி நிரம்ப நேரமாகிவிட்டது என்று அறுபதைத் தாண்டித்தான் ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தால், பாடகர் குழு வெள்ளைச் சேலையைச் செருகிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் ஒருத்தி ஹாரனை அடித்துக்கொண்டே வருகிறாள். என்னவோ சாவுச் செய்தி என்று நினைத்து ஓரம் கட்டினேன். இறங்கினதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "டீச்சர், டயரத் தொடாதீய."

தொட்டேன். கையை வைக்க முடியவில்லை. வலது டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். ரப்பர் பொசுங்குகிற வாடை. நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன் அண்ணா. இன்னும் கொஞ்சத் தூரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஸ்டெபிக்கும் தெரியும். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையை நான் என்ன சொல்லிப் புகழ்வேன்? ஹைவேயில் ஸ்கூட்டர் ஓட்டியதே இல்லையாம்.

டயர் தானாக ஆறட்டும் என்று விட்டோம். வீங்கின டயரில் முழுச் சுமையோடு போக முடியாது, தண்ணீரைச் சாலையில் கொட்டவும் மனசு வரவில்லை. பக்கத்து டீக்கடையில் சொன்னேன். அந்தத் தெருப் பெண்கள் குடம் குடமாகப் பாதித் தொட்டியை இறக்கிக்கொண்டார்கள். மீதிப் பாதியோடு சர்வீஸ் ரோட்டில், பைய, மாட்டு வண்டி வேகத்தில் போனேன். ஸ்டெபி பின்னால் விளக்கை மினுக்கிக்கொண்டு வந்தாள். இல்லத்து வாசலில் ஹமீது பீவி, "மத்தியானச் சாப்பாட்டுக்கு வர வேண்டியவிய, வர ராத்திரிச் சாப்பாடு ஆயிட்டு" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எனக்குப் போதும் அண்ணா. எண் பொருந்துகிறது என்று நம்பி, எனக்குப் பின்னால் வந்தவன் மேல் ஒரு டன்னைக் கவிழ்த்திருப்பேன். ஜூன் வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போ. அது உன் வண்டி. இல்லத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கரோ

~

புனே
14 ஏப்ரல் 2025

அன்புக் கரோ,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். எழுதியே விடுகிறேன், உன் மதினி எப்படியும் உனக்குச் சொல்லிவிடுவாள்.

வண்டியை எடுக்க வரமாட்டேன். இது பெருந்தன்மை இல்லை. நீ செய்ததை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். பாதித் தண்ணீரை இறக்கிச் சுமையைக் குறைத்தாய். கொதிக்கிற டயரில் தண்ணீரை ஊற்றாமல் தானாக ஆறவிட்டாய். சாலையை விட்டுச் சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கினாய். முந்தின மாதம் ஒரு டயர் வெடித்தபோது ஜீப்பைக் கவிழாமல் நிறுத்தினாய். இதில் எதையும் உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் சங்கத்தில் பழைய ராணுவ வண்டி வைத்திருக்கிற மனிதர்கள் ஒரு பட்டாளமே இருக்கிறோம். மைதானத்தில் வெறும் வண்டியை இழுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் நாங்கள். சுமையோடு அதை ஓட்டத் தெரிந்த ஒருத்தி என் வீட்டிலேயே இருக்கிறாள். அவளிடம் வண்டியைத் தொடாதே என்று எழுதியிருக்கிறேன்.

பயந்தாய், நல்லது. பயந்தவள்தான் டயரைத் தொட்டுப் பார்ப்பாள்.

இனி டயர் விஷயம். ராணுவ மாதிரியே புதுசாக இன்றும் செய்கிறார்கள், வாங்கலாம். எனக்கு ஆசைதான். ஆனால் அந்தக் கட்டைப் பட்டன் சேற்றுக்கு. தார் ரோட்டில் ஓலமிடும், சூடேறும், மழையில் நனைந்த ரோட்டில் வழுக்கும். ஆகவே அது வேண்டாம். சின்ன லாரிக்குப் போடுகிற டயரும் இதே ஏழு ஐம்பது பதினாறுதான். அதைக் கேள். வேகக் குறியைப் பார், 'ஏ' வரிசையில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. இரண்டும் ஒரே வகை, ஒரே வயதாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், டயர் செய்த வாரமும் வருடமும். இந்த ரிம்முக்கு டியூப் கட்டாயம் வேண்டும், டியூப் இல்லாத வகை நிற்காது. தேய்ந்த டயர் மேல் புதுப் பட்டன் ஒட்டி விற்கிற ரீபட்டன் டயர் வேண்டவே வேண்டாம். ரேடியல், நைலான் என்று இரண்டு வகை உண்டு, எது என்பதை நீயே முடிவு செய். அந்தப் பாதையை நான் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாய்.

அண்ணன்

~

பாளையங்கோட்டை
28 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள், தாமதமாக.

சுடலைராஜ் தானாகவே வீட்டுக்கு வந்தான். செய்தி சீவலப்பேரி வரைக்கும் போயிருக்கிறது, சபை அறிவிப்பாயிற்றே. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டே பேசினான். "டீச்சர், குறிய வாசிக்காம குடுத்துட்டேன். டயரு விக்கிறவன் நான், அது என் தப்புதான். நீங்க என்னைய நாலு வார்த்த திட்டிருங்க, மனசு ஆறிரும்" என்றான். திட்டவில்லை. சமாளிக்காமல் நேராக வந்து நின்றானே, அந்தக் குணத்துக்கே காப்பி போட்டுக் கொடுத்தேன். கடையில் இப்போது டிராக்டர் டயர்களைத் தனிச் சுவரில் அடுக்கி, மேலே சுண்ணாம்பில் 'வயலுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறான்.

லாரி டயர் இரண்டு தினுசு வரவழைத்தான். ரேடியலைக் காட்டி, "ரோட்டுல வழுக்கிக்கிட்டுப் போகும் டீச்சர், பஞ்சு மாதிரி" என்றான். நன்றாகத்தான் இருந்தது. பக்கவாட்டை அமுக்கிப் பார்த்தேன், மெலிசு. இல்லத்துக்குத் திரும்புகிற கடைசிப் பாதை முழுக்க உடைமுள் அண்ணா. விரல் நீள முள். வெட்டின கிளைகளை அங்கேயே போட்டுவிடுகிறார்கள். நைலான் டயரின் பக்கவாட்டு தடிமன். ஓட்டம் கொஞ்சம் முரடுதான், தண்ணீருக்கு என்ன முதுகு வலியா? நைலான் என்று சொல்லிவிட்டேன். பட்டன் நேர்க்கோடு, தார் ரோட்டுக்குரியது.

பிறகு நாலு இலக்கத்தைத் தேடினேன். ஒன்று இந்த வருடத்துக் குழந்தை, இன்னொன்று மூன்று வருடமாகக் கிடங்கில் கிடந்தது. "ஒரே வயசு வேணும்" என்றேன். சுடலைராஜ் தலையைச் சொறிந்தான். "இதையெல்லாம் பாப்பீயன்னு நான் நினைக்கலியே டீச்சர். கல்யாணத்துக்குப் பொருத்தம் பாக்குற மாதிரில்லா பாக்கிய" என்றான். மறுநாள் ஜோடி சரியாக வந்தது. ஸ்டெப்னிக்கும் அதே வகையில் ஒன்று. சிவப்பு நட்டைக் கழற்றும்முன் காற்று இறக்கினார்களா என்று நான் கேட்கவே இல்லை, அந்த வேலையாளே என்னைக் கூப்பிட்டு வால்வைக் காட்டினார்.

சனிக்கிழமை முழுத் தொட்டியோடு போனேன். ஐம்பதுக்கு மேல் போகவில்லை. மூன்றடைப்பில் நிறுத்தித் தொட்டேன், நாங்குநேரியில் தொட்டேன். வெயிலில் கிடந்த சூடுதான், அதற்கு மேல் இல்லை. ஸ்டெபி பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். அவளுக்கு ஜீப் ஓட்டப் பழக்கிவிடப் போகிறேன், அவள் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பச்சை வண்டிக்கு லாரிச் சக்கரம். அழகில் ஒரு மாற்றுக் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். படம் அனுப்பியிருக்கிறேன், வாளியோடு நிற்கிற கூட்டத்தில் இடது ஓரம் ஹமீது பீவி. சிரிக்கச் சொன்னேன், முறைக்கிறாள்.

மதினி நம்பரைத் திறந்துவிட்டேன். உன் நம்பர் இன்னும் தடையில்தான் இருக்கிறது. கடிதத்தில் நீ நல்ல மனுஷனாக இருக்கிறாய், அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

கரோ

~

புனே
7 மே 2025

அன்புக் கரோ,

உன் படத்தைச் சங்கத்துக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். பெருமை தாங்கவில்லை. எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். ஒருவர் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, "டயர் தப்பு" என்றார். இன்னொருவர், "நல்ல வண்டியை இப்படிக் கெடுத்துவிட்டார்களே" என்றார். தண்ணீர் வாங்குகிற மனுஷிகளை ஒருவரும் பார்க்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. போன மாதம் வரை நானும் அந்தப் படத்தில் டயரைத்தான் பார்த்திருப்பேன்.

உடைமுள் என்று நீ எழுதிய இடத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். ரேடியல் வேண்டாம், பக்கவாட்டு தடிமனாக வேண்டும் என்று நீ முடிவு செய்த காரணத்தைக் கேட்டதும் படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தார்கள். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சுபேதார் மட்டும் எழுந்து வந்து, "இந்த அம்மா எங்கே வேலை பார்த்தவர்?" என்று கேட்டார். கணக்கு டீச்சர் என்றேன். அவர் நம்பவில்லை.

கண்காட்சிக்கு டிரெய்லர் வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கே இருக்கிற என் ஜீப்பை மட்டும் கொண்டுபோவேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் இருக்கிறது. நாலு வருஷமாக இந்த ஆகஸ்டுக் கண்காட்சியை நினைத்துக்கொண்டே பெயிண்ட் அடித்தவன். ஆனால் அது இப்போது வேலையில் இருக்கிற வண்டி, வேலையில் இருக்கிறவரை இழுத்துக்கொண்டு போய்க் காட்சிக்கு வைக்க எனக்கு உரிமை இல்லை.

மே கடைசியில் பத்து நாள் லீவு. வருகிறேன். பெயிண்ட் டப்பா கொண்டுவரவில்லை. ஒரு சனிக்கிழமை உன் ஜீப்பில் இடம் இருந்தால் கூட வருகிறேன். ஓட்ட வேண்டும் என்று கேட்கவில்லை, கூட வந்தால் போதும்.

அண்ணன்

~

பாளையங்கோட்டை
13 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வா. மதினியையும் கூட்டிக்கொண்டு வா. ஜீப்பில் இடம் இருக்கிறது, ஸ்டெபி பின்னால் உட்கார்ந்துகொள்வாள். அந்தச் சுபேதாரிடம் கணக்கு டீச்சர்தான் என்று சத்தியம் செய்.

கண்காட்சி விஷயத்தில் நீ எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. யாரைக் கேட்டு எழுதிக் கொடுத்தாய்? போய்த் திரும்ப வாங்கு. ஆகஸ்டு மாதம் பள்ளியில் ஒரு வாரம் லீவு கேட்டிருக்கிறேன். இல்லத்துக்கு அந்த ஒரு சனிக்கிழமைக்குப் பெண்கள் சங்கத்தில் பேசி லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்துவிட்டேன், ஹமீது பீவியும் சம்மதித்துவிட்டாள், அதுதான் பெரிய காரியம். வண்டியை லாரியில் ஏற்ற வேண்டியதில்லை. பாளையங்கோட்டையிலிருந்து பெங்களூருக்கு நானே இழுத்துக்கொண்டு வருகிறேன், இந்த நைலான் டயரோடு, ஐம்பதில். இரண்டு நாள் ஆகட்டும். மைதான வாசலில் கழற்றி உன் ஜீப்பின் பின்னால் மாட்டிக் கொடுப்பேன். நீ ஓட்டு. என் அண்ணன் அதை ஓட்டிக்கொண்டு போவதை நான் கூட்டத்தில் நின்று பார்க்க வேண்டும்.

வெறும் வண்டியாகக் கொண்டுவரமாட்டேன். சீவலப்பேரியில் ஆற்றுத் தண்ணீர் பிடித்துக் கால் தொட்டி நிரப்பி வருவேன். மார்க் போடுகிறவர்கள் நோட்டோடு வந்து குனிந்து டயரைப் பார்ப்பார்கள் இல்லையா, அப்போது நீ வாயைத் திறக்காதே. குழாயைத் திற. ஆளுக்கு ஒரு டம்ளர் தாமிரபரணித் தண்ணீர் கொடு. குடித்துவிட்டு டயருக்கு எத்தனை மார்க் வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளட்டும்.

உன் தங்கை
கரோலின்